ஸ்டெல்லா மேலே பார்த்த இரண்டு விநாடிகள்

ஒரு பெண் தன்னுடைய சொந்த வீடியோவிடமே தோற்றுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். தோற்கடித்தது நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று இருந்தேன்.

எந்த போன் வாங்குவது, எந்த ஆப்பில் வெட்டுவது, மைக்கைச் சட்டையில் எங்கே குத்துவது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் என் அறிவு எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. நான்தான் கொஞ்சம் தாமதமாக அதன் பின்னால் போகிறேன்.

ஆரம்பத்தில் நான் கல்யாண வீடியோக்காரன். படப்பை, மணிமங்கலம் பக்கத்து மண்டபங்களில் தோளில் பெரிய கேமராவோடு திரிந்தவன். மாப்பிள்ளையை ரோஜாப்பூவுக்குள்ளும் பெண்ணை நிலாவுக்குள்ளும் அடைத்து வைத்த பாவம் என்னுடையது. ஒரு முகூர்த்த நாளில் சுற்றிப் பார்த்தேன். என்னைவிட நல்ல கேமரா வைத்திருந்தவர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். தோளிலிருந்ததை இறக்கிவைத்தேன். நானும் ஒரு போன் வாங்கிக்கொண்டு தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே நம் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். லைனில் நல்லபடியாக வேலை செய்கிற ஒருவரைப் படம் எடுத்து, சுருக்கி, அந்த ஸ்டேஷனில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் ஏற்றுகிறோம். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துச் செய்கிறார். யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் கல்யாண வீடியோவை மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை பார்ப்பார்கள், அதுவும் ஓட்டி ஓட்டி. இதை ஒரு பெண் ஒரு நாளில் நூறு முறை பார்ப்பாள். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க வெகு நாள் ஆயிற்று.

ஒரகடம் சாலையில் எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் போனின் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பாஸ் உண்டு, ஸ்டிக்கர் கிடையாது. அதற்குப் பதிலாக வேறொரு சடங்கு. எடுத்ததை உள்ளேயே உட்கார்ந்து வெட்டி முடிக்க வேண்டும். முடித்த வீடியோ அவர்கள் டேப்லெட்டில் ஏறியதும், போனில் இருப்பதை எல்லாம் கேட்டில் செக்யூரிட்டி கண்முன் அழிக்க வேண்டும். அழித்தவை போய் உட்காரும் ஃபோல்டரையும் அவர் திறக்கச் சொல்வார். அதையும் காலி செய்த பிறகுதான் சல்யூட். இந்தச் சடங்கை நினைவில் வையுங்கள். எனக்கு ஆப்பு வைத்தது இதுதான்.

இனி ஸ்டெல்லா. அவள் வல்லம் வடகால்காரி. வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கு நடந்தே வருவாள். கம்பெனி பஸ் பற்றிப் புகார் சொல்லாத ஒரே ஆள். மூன்று வருடமாக கான்ட்ராக்ட். வண்டியின் எண்ணெய் பம்ப்புக்குள் போகும் ஓர் உருளையின் பள்ளத்தில் கருப்பு ரப்பர் வளையத்தை மாட்டி, அந்த உருளையைக் கூட்டுக்குள் அழுத்திச் செருக வேண்டும். அதுதான் அவள் வேலை. அந்த வளையத்தை ஓ-ரிங் என்பார்கள். சுண்டுவிரலில் மாட்டினால் மோதிரம் மாதிரி இருக்கும். அது சரியில்லை என்றால் எண்ணெய் கசியும். லைனில் கை சுத்தம் அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசரே சொன்னதால் அவளைப் படம் எடுத்தேன்.

ஒரு பீஸுக்குப் பதினாலு விநாடி. பயிற்சி அறையில் உட்கார்ந்து வெட்டும்போது பார்த்தேன். வளையத்தை மாட்டிய பிறகு, செருகுவதற்கு முன், தலையைத் தூக்கி மேலே எங்கேயோ பார்க்கிறாள். அங்கே ஒரு ஃபேன் சுற்றுகிறது. கை அப்படியே நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. இரண்டு விநாடி கழித்துக் கண் கீழே வருகிறது, உருளை உள்ளே போகிறது. எல்லா டேக்கிலும் இதே கதை. பாவம், களைப்பு, வீட்டுக் கவலையாக இருக்கும் என்று நான் பெரிய மனது பண்ணினேன். பயிற்சி வீடியோவில் ஒருத்தி ஃபேனை வேடிக்கை பார்த்தால் நன்றாகவா இருக்கும்? அந்த இரண்டு விநாடியையும் வெட்டினேன். ஒட்டிய இடம் தெரியாமலிருக்க அதன் மேல் வளையங்கள் இருக்கும் தட்டின் குளோசப் ஒன்றைப் போட்டு மூடினேன். அவ்வளவு வழவழப்பான ஒட்டு. அன்று சாயங்காலம் அதை நானே இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து ரசித்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. பிறகு கேட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழித்தேன். சல்யூட் வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அதே ஃபேக்டரிக்கு வேறொரு வீடியோ எடுக்கப் போனேன். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஸ்டெல்லா வழிமறித்தாள்.

“இன்னாண்ணா, என் கைய ஸ்பீடா ஓட்டி வுட்டீங்களா?”

“எந்தக் கை?”

“வீடியோல கீதே, அந்தக் கை. அது பன்னெண்டு செகண்ட்ல முடிக்குது. எனக்கு வரலியே.”

தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே. “ஸ்பீடைத் தொடவே இல்லம்மா, சத்தியமா,” என்றேன். அந்தச் சத்தியம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைவிட அழுக்கான உண்மையை நான் சொன்னதில்லை.

அவள் சொன்னது இதுதான். வீடியோ ஏறியதும் யாரோ ஒரு எஞ்சினியர் அதை வைத்து நேரம் பார்த்தார். பன்னிரண்டு. அன்றிலிருந்து லைனில் எல்லோருக்கும் பன்னிரண்டு. மற்றவர்கள் ஒருவழியாகப் பிடித்துவிட்டார்கள். ஸ்டெல்லாவால் மட்டும் முடியவில்லை. மெதுவாகச் செய்கிறாள் என்று ஒரு மெமோ. அதிகமாக ரிங்கை வேஸ்ட் செய்து குப்பையில் போடுகிறாள் என்று இன்னொன்று. மூன்றாவது வந்தால் கான்ட்ராக்ட் முடிந்தது. மாதக் கடைசியில் பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது. மூன்று வருடம் அதற்காகத்தான் நின்றிருக்கிறாள்.

“என்னியே எனக்குப் போட்டுக் காட்றாங்கண்ணா. ‘இவ செய்றா இல்ல, நீ ஏன் செய்யல’ன்னு கேக்குறாரு சூப்பர்வைசர். ‘இவ’ன்னு அவரு சொல்றது என்னியத்தான். நான் இன்னான்னு பதில் சொல்றது?”

ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடிக்கும்போதுதான் அந்த ஃபேன் நினைவுக்கு வந்தது. பதினாலில் இரண்டு போனால் பன்னிரண்டு. என் பேரனுக்குத் தெரிந்த கணக்கு.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? இந்த வட்டாரத்தில் ஃபேக்டரி ஹெச்.ஆர்.கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ‘அந்த ஆள் வெட்டினால் நேரம் தப்பாகும்’ என்று ஒரு வரி போதும், நான் மறுபடி மாப்பிள்ளையை ரோஜாவுக்குள் தேட வேண்டியதுதான். சரி, தைரியமாகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காட்ட என்ன இருக்கிறது? வெட்டாத வீடியோவை நானே அழித்துவிட்டேன். என் வார்த்தை ஒன்றுதான் பாக்கி. வீடியோக்காரனின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பென்று கல்யாண ஆல்பம் மூன்று மாதம் தாமதமான எந்தப் பெண் வீட்டாரையும் கேளுங்கள்.

நான் அப்போதே திரும்பி உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் கழித்துத்தான் போனேன்.

குவாலிட்டி மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வயதில் மூத்த யாரையும் அண்ணாச்சி என்பார். நான் குற்றவாளி முகத்தோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“ரெண்டு செகண்ட வெட்டுனதுக்கா அண்ணாச்சி மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? நானே லீக்ல செத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு மாசமா டெஸ்ட்ல பீஸ் பீஸா செவப்பு லைட் எரியுது. ரப்பர் குடுக்கிறவன் ஏமாத்துதான். அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட்டுக்கு வாரான்.”

“ஸ்டெல்லா பீஸும் லீக் ஆகுதா சார்?”

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி அவள் பெயரைத் தேடினார். அதற்கு நேரே சிவப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. எழுந்தார். “வாங்க, நேர்லயே பாத்திருவோம்.”

அடுத்த தப்பு அங்கே நடந்தது. நாங்கள் ஊர்வலமாகப் போனோம். மேனேஜர், சூப்பர்வைசர், நேரம் பார்க்கும் எஞ்சினியர், கையில் போனோடு நான். நாலு பேர் சுற்றி நின்றுகொண்டு, “நீ எப்பவும் போலச் செய்மா,” என்றோம். தேர்வு அறையில் நாலு கண்காணிப்பாளர்கள் நடுவே ஒருத்தியை உட்காரவைத்து ‘இயல்பாக இரு’ என்பது போல. ஸ்டெல்லா வளையத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஃபேன் பக்கம் திரும்பக்கூட இல்லை. பீஸை முடித்தாள். பன்னிரண்டு விநாடி. அடுத்தது, பன்னிரண்டு. பத்து பீஸும் பன்னிரண்டு.

“பாருங்க சார், வருது இல்ல?” என்றார் சூப்பர்வைசர். “வேணும்னே ஸ்லோ பண்ணிக்கினு இருந்துகீறா. இவ்ளோ நாளா நம்மள சுத்தல்ல வுட்டா.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். காப்பாற்ற வந்தவனே அவர்கள் கையில் தூக்குக் கயிற்றைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். “அண்ணா, எனக்கே தெரியலண்ணா. பயத்துல வந்துச்சு,” என்றாள். மூன்றாவது மெமோ காற்றில் அடிக்கப்படுவது எனக்குக் கேட்டது.

அந்தப் பத்து பீஸையும் லீக் டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னவர் மேனேஜர்தான். அதற்காக அவருக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். இரண்டில் சிவப்பு எரிந்தது. ஸ்டெல்லாவின் கையில் ஒரே நாளில் இரண்டு பீஸ் போனது அவருக்கே புதிது.

நான் அவரிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. போன் மட்டும் இருக்கும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் தவறிவிடக் கூடாது. போனை அவளுக்குத் தெரிகிற மாதிரியே வைத்தேன். “இது ஓடிட்டே இருக்கும்மா, ஒரு மணி நேரம். வேண்டாம்னா சொல்லு, எடுத்துடறேன்,” என்றேன். ஒளித்து வைத்து எடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவளை ஏற்கெனவே ஒரு தரம் அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிட்டேன். இன்னொரு தரம் வேண்டாம். “வெச்சிக்கோங்கண்ணா. போறது எப்டியும் போவப்போவுது,” என்றாள்.

போனில் தெரிவது பயிற்சி அறையிலிருந்த டேப்லெட்டிலும் தெரியும்படி இணைத்துவிட்டு, மேனேஜர், சூப்பர்வைசர், நான் என்று மூன்று பேர் அங்கே உட்கார்ந்தோம். பத்து நிமிஷம், பன்னிரண்டு விநாடி. இருபது நிமிஷம், அதே பன்னிரண்டு. சூப்பர்வைசர் கொட்டாவி விட்டார். அரை மணியில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கேமராவை மறக்க ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்து என்ன பிரயோஜனம்?

நாற்பதாவது நிமிஷம் இருக்கும். பக்கத்து ஸ்டேஷன் பெண் எதையோ சொன்னாள். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. ஸ்டெல்லா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வளையத்தை மாட்டினாள். தலை உயர்ந்தது. கண் ஃபேனுக்குப் போனது.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் தடவை முகத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். டேப்லெட்டில் இரண்டு விரலை வைத்து அவள் கையைப் பெரிதாக்கினேன். நிற்கிறது என்று நான் நினைத்த கை நிற்கவில்லை. இடது கை உருளையை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. வலது கட்டைவிரல், மெல்லிய கையுறைக்குள்ளிருந்து, வளையத்தின் மேல் ஒரு முழுச் சுற்று போய்க்கொண்டிருந்தது. அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. தூங்குகிற குழந்தையின் புருவத்தைத் தொடுகிற அளவுக்குத்தான். சுற்று முடிந்ததும் கண் இறங்கி வந்தது. உருளை உள்ளே போனது. பதினாலு விநாடி.

இருபத்தெட்டு வருடம் கண்ணை வைத்துப் பிழைத்தவன் நான். கண்ணை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஒருத்தி பார்ப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போதுகூட எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை, ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டிருக்கிறேன். அன்று அந்த ஏ.சி. அறையில் கை ரோமம் நின்றது. ஏ.சி.யால் இல்லை.

அடுத்தது, மறுபடி கண் மேலே. அடுத்தது. பிறகு ஒன்றில் கட்டைவிரல் பாதிச் சுற்றில் நின்றது. அவள் கீழே பார்க்கக்கூட இல்லை. வளையத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்த சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

“இதான் சார்!” என்று துள்ளினார் சூப்பர்வைசர். “நல்ல ரிங்க தூக்கிப் போட்றா பாருங்க. ரெண்டாவது மெமோவே இதுக்குத்தான்.”

மேனேஜர் எழுந்து போய் அந்தச் சிவப்பு டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஐந்து வளையம். லென்ஸை வைத்துப் பார்த்தார். முதல் வளையத்தில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கீறல். இரண்டாவதில் கீறல். மூன்றாவதில். நான்காவதில். ஐந்தாவதை நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். எங்குமே ஒன்றும் இல்லை.

“இது நல்ல ரிங் சார்,” என்றார் சூப்பர்வைசர். குரலில் பழைய வேகம் இல்லை.

மேனேஜர் அந்த வளையத்தைத் தன் கையாலேயே ஓர் உருளையில் மாட்டி, கூட்டுக்குள் செருகி, லீக் டெஸ்டில் வைத்தார். சிவப்பு. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு. மெஷினையே சந்தேகப்பட்டு வேறொரு பீஸை வைத்துப் பார்த்தார். பச்சை. மறுபடி அந்த வளையம். சிவப்பு. மூன்று ஆண்கள், ஒரு லென்ஸ், விலை சொல்ல முடியாத ஒரு மெஷின். இவ்வளவும் சேர்ந்து கண்டதை அவள் கட்டைவிரல் முன்பே கண்டுவிட்டது.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் ஐந்து வளையத்தையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“சாரி சார். இனிமே வேஸ்ட் பண்ணாம பாத்துப் போட்றேன் சார்.”

“அத விடும்மா. இது சரியில்லன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எது சார்?”

“இந்த ரிங்.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே அதற்கு முன் அதை யோசித்ததில்லை என்று தெரிந்தது. “வழவழன்னு போவும் சார். இதுல எங்கியோ ஒரு இடத்துல நின்னுட்டுப் போச்சு. அவ்ளோதான்.”

“எப்ப தொட்ட?”

“நான் எங்க சார் தொட்டேன்?”

அவளுக்குத் தெரியாது. அவள் சொல்லி நான் எடுக்கவில்லை, நான் கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். உலகத்தில் அந்த இரண்டு விநாடிக்கு ஒரே சாட்சியாக இருந்தது என் போன். அதைத்தான் நான் களைப்பென்று நினைத்து வெட்டினேன். வெட்டியதைப் பார்த்துப் பன்னிரண்டுக்கு ஓடிய பெண்கள் எல்லோரும், வளையத்தைத் தடவிப் பார்க்க நேரமில்லாமல், பாவம், நான் கற்றுக்கொடுத்தபடியே கசியும் பம்ப்புகளாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒருவர் சும்மா இருப்பதாகத் தோன்றும் இடத்தில் கத்தரியை வைக்காதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். அப்படியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுங்கள். வெட்டிவிட்டேன் என்று பிறகு தெரிந்தால், டீ குடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்காராதீர்கள். என்னுடைய அந்த இரண்டு நாளில் மூன்றாவது மெமோ டைப் ஆகி மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே புது வீடியோவை முடித்தேன். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. பதினாலு விநாடி முழுசாக, ஒரு மூலையில் கட்டைவிரல் மட்டும் பெரிதாகத் தெரியும்படி. ஒப்புதலுக்காக ஸ்டெல்லாவிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். மேனேஜரும் சூப்பர்வைசரும் பின்னால் நின்றார்கள். அவள் தன்னை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பாதியில் டக்கென்று நிறுத்தினாள்.

“இன்னாண்ணா இது? வேல நேரத்துல ஃபேன பாத்துக்கினு கீறேன்?” குரல் இறங்கியது. “பர்மனென்ட் லிஸ்ட் வர்ற நேரத்துல இத எல்லாரும் பாக்கணுமா? அந்த எடத்த மட்டும் வெட்டிடுங்கண்ணா.”

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து அந்த டைப் செய்த மெமோவை எடுத்து நாலாகக் கிழித்தார். “பழைய ரெண்டையும் நாளைக்கு எடுத்திருவேன். லிஸ்ட்ல ஒன் பேர நானே எழுதிக் குடுக்கேன். நேரம் பழையபடி பதினாலு, எல்லாத்துக்கும்,” என்றார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஸாரிம்மா,” என்றார். மூன்று வருடத்தில் அவர் சொன்ன முதல் ஸாரி அதுவாக இருக்கலாம்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி வீடியோவைத் தொட்டு ஓட்டினாள். தன் முகம் மேலே உயருகிற இடம் வந்ததும் வெட்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எங்க வூட்டுக்காரரு பாத்தா, ஃபேன் பாக்கத்தான் டெய்லி போறியான்னு கேப்பாருண்ணா. அட்லீஸ்ட் பாதியாச்சும் வெட்டுங்களேன்.”

“ஒரு ஃபிரேம்கூட முடியாதும்மா.”